கிர்லோஸ்கர்: ஊரால் வந்த பெயரா, பெயரால் வந்த ஊரா?

கேள்வி இதுதான்: "எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் தாத்தா காலத்து கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. தாதரிலிருந்து சாளுக்கியா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கு வரும்போது, சாங்கிலிக்குக் கொஞ்சம் முன்னால் கிர்லோஸ்கர்வாடி என்று ஒரு ஸ்டேஷன் பலகையைப் பார்த்தேன். இன்ஜினுக்கு ஊர்ப் பெயரை வைத்தார்களா, ஊருக்கு இன்ஜின் பெயரை வைத்தார்களா? அப்படி ஒரு சின்ன ஊரில் போய் ஏன் ஃபாக்டரி கட்டினார்கள்?"

பெயர் விஷயத்தில் இரண்டுமே சரி. கொங்கணக் கரையில், இன்றைய சிந்துதுர்க் மாவட்டத்தில், மால்வண் பக்கம் கிர்லோஸ் என்று ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. மராட்டியில் ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்தால் அந்த ஊர்க்காரர் என்று பொருள். மங்கேஷி ஊர்க்காரர் மங்கேஷ்கர் ஆன மாதிரி, கிர்லோஸிலிருந்து கிளம்பிய குடும்பம் கிர்லோஸ்கர் ஆனது. அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் 1910-இல் கள்ளிக்காட்டில் ஒரு பட்டறை போட்டார். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பு கிர்லோஸ்கர்வாடி. 'வாடி' என்றால் அங்கே சின்னக் குடியிருப்பு. நம் மரவாடி, வாடிவாசலில் வரும் வாடிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஊர் ஆளுக்குப் பெயர் கொடுத்தது, ஆள் வேறோர் ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு சின்ன திருத்தம். உங்கள் இன்ஜின் அந்த ஊரில் செய்ததல்ல. ஆயில் இன்ஜின் செய்தது 1946-இல் புனே பக்கம் கட்கியில் தொடங்கிய தனிக் கம்பெனி. வாடியில் முதலில் செய்த சரக்கு கலப்பை. பம்பு அப்புறம்தான் வந்தது. அந்தக் கலப்பையின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர் 1869-இல் பெல்காம் ஜில்லாவில் குர்லஹொசூர் என்ற ஊரில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று பம்பாய் போய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே போன பிறகுதான் அவருக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரியாது என்பது தெரியவந்தது. வர்ணம் தீட்ட வழியில்லை. கோடு போட நிறம் எதற்கு? இயந்திர வரைபடம் பக்கம் திரும்பிவிட்டார். அதையே பம்பாயின் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராகச் சொல்லிக் கொடுத்தார். ஓய்வு நேரமெல்லாம் கல்லூரிப் பட்டறையில் கழிந்தது. தனக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போனதும், வேலையை உதறிவிட்டு பெல்காம் திரும்பினார்.

அங்கே ஏற்கெனவே அண்ணன் ராமண்ணாவோடு சேர்ந்து சைக்கிள் வியாபாரம் நடத்திவந்தார். தம்பி பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் அங்கிருந்து வாங்கி அனுப்ப, அண்ணன் விற்பார். கம்பெனி தன் பிறந்த வருடத்தை 1888 என்று சொல்வது இந்த சைக்கிள் கடையை வைத்துத்தான். சைக்கிள் ஓட்டப் பழக்கிவிட 15 ரூபாய் கட்டணமாம். அந்தக் காலத்து 15 ரூபாய்! சைக்கிளில் காசு வந்தாலும் மனசு வார்ப்படத்தில் இருந்தது. மாட்டுத் தீவனத் தட்டையை நறுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அது ஏதோ விற்றது. அடுத்து, 1903 வாக்கில், இரும்புக் கலப்பை.

இரும்புக் கலப்பைக்கு என்ன அவசியம் என்று கரிசல்காட்டில் பிறந்தவர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். நான் கோவில்பட்டிப் பக்கம். தக்காணத்து மண்ணும் எங்கள் மண்ணும் ஒரே ஜாதி: கறுப்பு, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்த மண்ணில் அருகும் அதைப் போன்ற ஆழவேர்ப் புற்களும் இறங்கிவிட்டால், நாட்டுக் கலப்பையால் ஒன்றும் செய்ய முடியாது. மரக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. கொழு, அதாவது மண்ணைக் கீறும் முனை, போன வழியில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். இரண்டு சாலுக்கு நடுவில் உழாத மண் அப்படியே நிற்கும். இரும்புக் கலப்பையில் கொழுவுக்குப் பின்னால் வளைந்த பலகை ஒன்று இருக்கும். கொழு வெட்டித் தூக்கிய மண்பாளம் அந்த வளைவில் ஏறித் தலைகீழாகப் புரண்டு விழும். அடி மண் மேலே, மேல் மண் அடியில், புல்லின் வேர் வெயிலில். கனமான கலப்பை என்றால் நான்கு ஜோடி மாடு பூட்ட வேண்டியிருக்கும், ஆனால் களை தொலைந்தது.

அந்தக் காலத்தில் இந்த வகைக் கலப்பை இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இப்ஸ்விச் என்ற ஊரின் ரான்ஸம்ஸ் கம்பெனிதான் அதில் பேர் பெற்றது. லட்சுமண்ராவ் அவர்கள் சரக்கைப் பிரித்துப் பார்த்துத்தான் தன் கலப்பையைச் செய்தார். அதில் என்ன மறைக்க இருக்கிறது? தொழில் கற்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் கற்கிறார்கள்.

அந்தக் கலப்பையின் ரகசியம் கொழுவில் இருந்தது. 1803-இல் ராபர்ட் ரான்ஸம் காப்புரிமை வாங்கிய சங்கதி இது. மணல் அச்சில் உருகிய இரும்பை ஊற்றினால் மெதுவாகத்தான் ஆறும். அச்சின் அடிப்பக்கம் மட்டும் மணலுக்குப் பதில் ஒரு இரும்புக் கட்டியைப் பதித்து வைத்தால்? உருகிய இரும்பு அதைத் தொட்டதும் சட்டென்று குளிர்ந்து, அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஆறிய கொழுவை உடைத்துப் பார்த்தால் அடி விளிம்பு வெள்ளையாகவும் மேல் பகுதி சாம்பல் நிறமாகவும் தெரியும். உழ உழ மென்மையான மேல்பக்கம்தான் தேயும், அடிப்பக்கம் அப்படியே நிற்கும். அதனால் முனை தானே தீட்டிக்கொண்ட மாதிரி எப்போதும் கூராக இருக்கும். ஒரே கெடுதல், கல்லில் மோதினால் வளையாது, 'டக்' என்று உடையும். உடைந்தால் போல்ட்டைக் கழற்றிவிட்டு வேறு கொழு மாட்ட வேண்டியதுதான். சீமையிலிருந்து வந்த கலப்பைக்கு மாற்றுக் கொழுவும் சீமையிலிருந்து வர வேண்டும். உள்ளூரில் வார்த்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, நல்ல கலப்பை, உள்ளூர்ச் சரக்கு. விற்றதா? முதல் கலப்பையை விற்க இரண்டு வருடம் ஆனது. இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று குடியானவர்கள் நம்பியதுதான் காரணம் என்று கிர்லோஸ்கர் பற்றி எழுதுகிற எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கை இருந்தது உண்மைதான். எங்கள் ஊரில் டிராக்டர் வந்த புதிதில் என் பெரியப்பா, "இது மண்ணை அமுக்கிக் கொன்னுடும்டா" என்று சொல்லி மூன்று வருடம் அதைக் காட்டுக்குள் விடவில்லை. (அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்று வேளாண்மைக் கல்லூரியில் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.) ஆனால் மூடநம்பிக்கை என்று முத்திரை குத்திவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மராட்டிய கிராமத்தில் 'பலுதா' என்று ஒரு ஏற்பாடு. நம் பக்கம் களத்துமேட்டில் ஆசாரிக்கும் நாவிதருக்கும் வண்ணாருக்கும் தானியம் அளந்து விடுவார்களே, அதேதான். மரக் கலப்பையைச் செய்வது, பழுது பார்ப்பது எல்லாம் ஊர்த் தச்சர் வேலை. வருடக் கூலி, அறுவடையின்போது தானியமாக. கையிலிருந்து ஒரு காசு போகாது. இரும்புக் கலப்பைக்கோ ரொக்கம் வேண்டும், மாடு கூடுதலாக வேண்டும், உடைந்தால் ஊர்த் தச்சரால் ஒன்றும் செய்ய முடியாது. ரொக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமான குடியானவன் யோசித்ததில் என்ன தப்பு? "மண்ணுக்கு விஷம்" என்பது வாங்க முடியாதவன் கௌரவமாகச் சொன்ன மறுப்பாகவும் இருந்திருக்கலாம்.

எப்படியோ, ஒருவர் வாங்க, அவர் காட்டைப் பார்த்து அடுத்தவர் வாங்க, வியாபாரம் மெல்லப் பிடித்தது. அந்த நேரம் பார்த்து பெல்காம் நகராட்சி, ஊரை விரிவுபடுத்த வேண்டும், பட்டறையைக் காலி செய் என்றது. கடன் வாங்கிப் போட்ட உலையும் இயந்திரங்களும் நடுத்தெருவில்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் வருகிறது. அந்தச் சின்ன ஊரை யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. போக இடமில்லாதவருக்குக் கிடைத்த இடம் அது.

ஔந்த் என்று ஒரு குட்டி சமஸ்தானம். மொத்தம் 72 கிராமம், அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகள். 1909-இல் பட்டத்துக்கு வந்த பாலாசாகேப் பந்த் பிரதிநிதி கொஞ்சம் வித்தியாசமான ராஜா. நன்றாகப் படம் வரைவார். சூரிய நமஸ்காரத்தை நாடெங்கும் பிரபலப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஔந்தில் ஒரு மண்டபம் கட்டும் வேலையை லட்சுமண்ராவுக்குக் கொடுத்திருந்தார். பட்டறைக்கு வந்த கதியைக் கேட்டதும், சமஸ்தானத்துக்குள் பிடித்த இடத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லி, 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். நிறம் தெரியாததால் ஓவியத்தை விட்டவருக்கு, ஓவியம் வரைகிற ராஜா கைகொடுத்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

லட்சுமண்ராவ் பார்த்த இடம் குண்டல் ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 32 ஏக்கர் பொட்டல். முழுக்க சப்பாத்திக் கள்ளி, உள்ளே நல்ல பாம்பு. இருந்த ஒரே வசதி ரயில். இரும்பு வந்து இறங்க வேண்டும், கலப்பை ஏற வேண்டும். கலப்பைத் தொழிலுக்கு அதைவிட என்ன வேண்டும்? 1910 மார்ச் 10 அன்று இருபத்தைந்து தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களுமாக வந்து கள்ளியை வெட்ட ஆரம்பித்தார்கள். சாக்சியில் (இன்றைய ஜாம்ஷெட்பூர்) டாடாவின் ஆலையில் அப்போது இன்னும் எஃகு ஓடவில்லை, அது 1912-இல்தான்.

கூட வந்த ஆட்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணன் ராமண்ணா ஊரைத் திட்டமிட்டார்: தெரு, வீடு, தண்ணீர் எல்லாம். பெரிய இன்ஜினியரிங் பட்டக்காரர்கள் யாரும் அந்தப் பொட்டலுக்கு வரவில்லை. சம்புராவ் ஜம்பேகர் இன்ஜினியர் வேலையைப் பார்த்துக்கொண்டார். படிப்பைப் பாதியில் விட்ட அனந்த்ராவ் பல்ணீகர் என்பவரும் தொழில்நுட்பம் பார்த்தார். மங்கேஷ்ராவ் ரேகே கணக்கு. ராக்காவலுக்கு யார் தெரியுமா? துக்காராம் ராமோஷி, பிர்யா மாங் என்று இரண்டு பேர். இருவரும் கொள்ளை வழக்கில் சிறை போய் வந்தவர்கள். மனுஷனுக்குப் பொறுப்பைக் கொடுத்தால் நிமிர்ந்து நிற்பான் என்பது லட்சுமண்ராவின் கணக்கு. வாடிக்குள் தீண்டாமை கூடாது என்பதும் அவர் வைத்த விதி. அந்த வருடங்களில் மராட்டிய கிராமப்புறத்தில் அது லேசான காரியம் இல்லை.

முதல் உலகப் போர் இவர்களுக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது. சீமைக் கலப்பை வரத்து நின்றதால் கேட்பவர்கள் கூடினார்கள், ஆனால் உருக்குவதற்கு இரும்பும் வரவில்லை. அப்போது கோலாப்பூர் மகாராஜா சாகு, பன்ஹாளா கோட்டையில் சும்மா கிடந்த பழைய பீரங்கிகளை உருக்கிக் கலப்பை செய்யச் சொல்லிக் கொடுத்தார் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

1920-இல் அது கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் ஆனது. கலப்பையோடு கரும்பு பிழியும் ஆலை, நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் என்று சரக்கு கூடியது. சுற்றிலும் வெல்லம் காய்ச்சுகிற சீமை, ஆலைக்குக் கிராக்கி கேட்கவா வேண்டும். அதே 1920-இல் இன்னொன்றும் நடந்தது, கொஞ்சம் விசித்திரமானது. விளம்பரத்தையும் விற்பனையையும் கவனித்த உறவினர் சங்கர்ராவ், அவரும் ஓவியம் படித்தவர், வியாபாரச் செய்தி சொல்ல 'கிர்லோஸ்கர் கபர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். கபர் என்றால் செய்தி. கலப்பை விற்கப் போட்ட அந்தத் தாள், பிற்பாடு 'கிர்லோஸ்கர்' என்ற பெயரில் மராட்டியின் முக்கியமான மாத இதழ்களில் ஒன்றாகிவிட்டது. 1930-இல் பெண்களுக்காக 'ஸ்திரீ', அப்புறம் 'மனோகர்'. விதவை மறுமணம், பெண் கல்வி, சாதி என்று சூடான விவாதங்களெல்லாம் ஒரு கலப்பை ஃபாக்டரி ஊரிலிருந்து அச்சாகி மராட்டியர் வீடுகளுக்குப் போயின.

பம்புக்கு வருவோம். லட்சுமண்ராவின் மகன் சந்தனுராவ் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்து 1926-இல் திரும்பினார். வாடியின் மையவிலக்கு பம்பும் 1926 என்றுதான் கம்பெனி வரலாறு சொல்கிறது. கலப்பையைவிட பம்புக்குக் குடியானவன் சீக்கிரம் இசைந்தான் என்பது என் எண்ணம். கிணற்று நீர் இறைக்க அங்கே 'மோட்', நம் ஊரில் கமலை. தோல் சால், வடம், இரண்டு மாடு, காலையிலிருந்து உச்சி வரை முன்னும் பின்னும் நடை. ஒரு தடவை கமலை இறைத்துப் பார்த்தவனுக்கு பம்பின் அருமையை யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. 1930-களின் மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து கிராமத்தில் காசே ஓடாதபோது, வாடிக்காரர்கள் இரும்பு மேசை நாற்காலி கூடச் செய்து பிழைத்தார்கள்.

ஊரைச் சுற்றி வரலாறு கொதித்துக்கொண்டிருந்தது. ஔந்த் ராஜா 1939-இல் காந்தியின் யோசனையோடு அதிகாரத்தை கிராமப் பஞ்சாயத்துகளிடம் கொடுத்தார். பக்கத்துக் குண்டல் கிராமம், 1943-இல் நானா பாட்டீல் தலைமையில் நடந்த 'பிரதி சர்க்கார்' என்ற போட்டி அரசின் மையமானது. பிரிட்டிஷ் போலீஸ் சமஸ்தான எல்லைக்குள் நினைத்தபடி நுழைய முடியாது என்பது தலைமறைவுக்காரர்களுக்கு வசதி.

அப்புறம் 1948. காந்தியைச் சுட்டவன் மராட்டிய பிராமணன் என்பதால் அந்தப் பகுதியெங்கும் பிராமணர்களின் வீடுகளுக்கும் தொழில்களுக்கும் தீ வைத்தார்கள். கிர்லோஸ்கர்வாடிக்கும் கும்பல் வந்தது, ஃபாக்டரியில் ஒரு பகுதி எரிந்தது. தீண்டாமை கூடாது என்று விதி வைத்த ஊருக்கு சாதியின் பெயரால் தீ வந்தது. மறுபடியும் கட்டினார்கள். ஆனால் குடும்பத்தின் தொழில் அதற்கு முன்பே வெளியூர்களுக்குப் பரவ ஆரம்பித்திருந்தது: 1941-இல் ஹரிஹரில் லேத், 1946-இல் பெங்களூரில் மின் மோட்டார், அதே வருடம் உங்கள் தாத்தாவின் இன்ஜினுக்காக கட்கி. லட்சுமண்ராவ் 1956-இல் காலமானார். 1969-இல் நூற்றாண்டுக்கு அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

வாடி இன்றும் ஓடுகிறது. சாங்கிலி மாவட்டம், பலூஸ் தாலுகா. கலப்பைக் காலம் முடிந்தது. இப்போது பம்பு ஊர், அதுவும் பாசனத் திட்டங்களுக்கும் மின் நிலையங்களுக்கும் போகிற ஆளுயரப் பம்புகள். குண்டல் ரோடு என்ற ரயில் நிலையப் பெயரும் எப்போதோ கிர்லோஸ்கர்வாடி ஆகிவிட்டது, அந்தப் பலகையைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில் கோவைக்கு அருகே கணியூரில் இதே கம்பெனிக்கு ஒரு சின்ன பம்பு ஆலை உண்டு. பம்பைப் பூட்டுவதிலிருந்து சோதிப்பது வரை எல்லா வேலையும் பெண்கள்தான்.

உங்கள் கிணற்று மேட்டுக்கு வருகிறேன். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு தகடு ரிவெட் அடித்து இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் புனே அல்லது கட்கி என்று எழுத்து தெரியலாம். அதோடு விடாதீர்கள். இன்ஜினோடு பெல்ட் போட்டு ஓட்டிய பம்பு பக்கத்திலேயே எங்காவது நத்தை ஓடு மாதிரி கிடக்கும். அதன் தகட்டையும் துடைத்துப் பாருங்கள். கிர்லோஸ்கர்வாடி என்று இருந்தால், கள்ளி வெட்டிய அந்த 32 ஏக்கரில் வார்த்தது உங்கள் தோட்டத்தில் இருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.